அத்தை புனிதரான விவரமும் ஞாயிற்றுக்கிழமை வரக்கூடாத காரணமும்

கான்வென்ட் போர்டிங்,
ஏலப்பாறை.
அக்டோபர் 19, ஞாயிறு, கிழங்கு தின்று முடித்த பிற்பகல்

தேயிலை எஸ்டேட் மேல் டிவிஷன் ஐந்தாம் லயத்து வரிசையின் தலைவாசல் வீட்டில் எழுந்தருளியிருக்கும், மாட்சிமை பொருந்திய என் செபமாலையம்மாள் அத்தை அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தம்பி மகள் ஞானஜோதி தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது.

இவ்விடம் நானும் என் ஜலதோஷமும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும், தங்கள் முழங்கால் வலியும், மூன்று கோழிகளும், அந்த ஒற்றைக்கண் சேவலும் சௌக்கியமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். திருப்பூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் போன் பண்ணினால், நான் நன்றாகப் படிப்பதாகச் சொல்லவும். அது பொய் இல்லை. என்ன படிக்கிறேன் என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

அத்தை, இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு வாசிக்காதீர்கள். உட்காருங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிடுங்கள், புரையேறும். உட்கார்ந்தாயிற்றா? விஷயம் இதுதான். நீங்கள் புனிதராகிவிட்டீர்கள்.

பதற வேண்டாம். இதற்காகச் சாக வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை. ரோமாபுரியில் நூறு வருஷம் எடுக்கிற காரியம் ஏலப்பாறையில் பத்தொன்பது நாளில் நடந்துவிட்டது, அவ்வளவுதான். எப்படி நடந்தது என்பதை விளக்கமாகச் சொல்கிறேன். போனில் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிஷ போனில் வார்டன் சிஸ்டர் லிஸ்மின் இரண்டாவது காதுபோலப் பக்கத்திலேயே நிற்பார் என்பது உங்களுக்குத் தெரியும். கடிதத்தையும் ஒட்டாமல் சிஸ்டர் கையில்தான் கொடுக்க வேண்டும். ஆனால் கடவுள் ஒரு கதவை அடைத்தால் ஒரு ஓட்டை வைப்பார். சிஸ்டர் பாலா ஊர்க்காரர், மலையாளி. தமிழ் காதில் விழுந்தால் பாதி புரியும், எழுத்து சுத்தமாகத் தெரியாது. மலையாளப் பிள்ளைகள் எழுதுகிற கடிதத்தை வரி விடாமல் வாசித்து, கமாவைக்கூடத் திருத்திக் கொடுப்பார். தமிழ்ப் பிள்ளைகள் கடிதம் என்றால் பக்கத்தை எண்ணுவார், ஒரு முறை உதறுவார், ஒட்டிவிடுவார். ஆகவே இந்த போர்டிங்கில் முழுக் கருத்துச் சுதந்திரம் உள்ளவர்கள் நாங்கள் ஒன்பது பேர்தான். நிரூபிக்கிறேன் பாருங்கள்: சிஸ்டர் லிஸ்மின் ஒரு சிடுமூஞ்சி. எழுதிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

போர்டிங் என்ற பெயரிலேயே எங்கள் வாழ்க்கை அடங்கியிருக்கிறது. போர் அடிக்கும், உடனே டிங் என்று மணி அடிக்கும். எழுந்திருக்க ஒரு மணி, ஜெபத்துக்கு ஒரு மணி, கஞ்சிக்கு ஒரு மணி, பேசாமல் இருக்க ஒரு மணி. அந்த மணியை நான் ஜூலையில் ஏழு நிமிஷம் தள்ளி வைத்ததற்கும், ஆகஸ்டில் போர்டிங் பூனையின் கழுத்தில் 'வார்டன்' என்று அட்டை எழுதிக் கட்டியதற்கும் நீங்கள் வந்து ஆபீஸ் கிளார்க்கிடம் இரண்டு கையெழுத்துப் போட்டது நினைவிருக்கும். மூன்றாவது தடவைக்குக் கையெழுத்து கிடையாது, டி.சி.தான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். பத்தாம் வகுப்பில் அக்டோபர் மாதம் டி.சி. வாங்கினால் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள் என்பது எனக்கும் ஆராயத் தோன்றுகிற கேள்விதான். ஆனால் விடையைத் தெரிந்துகொள்ள ஆசையில்லை.

இனி குற்றத்துக்கு வருகிறேன். இங்கே மாதம் பிறந்தால் சீட்டு எடுப்பு உண்டு. முதல் தேதி சாயங்கால ஜெபம் முடிந்ததும் ஒரு பழைய பிஸ்கட் டப்பா வரும். அதற்குள் டைப் அடித்த சீட்டுகள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் ஒரு புனிதர் பெயர், அவர் திருநாள், அவருடைய புண்ணியம், ஒரு குட்டி ஜெபம் எல்லாம் மலையாளத்தில் இருக்கும். அந்த மாதம் முழுக்க அவர்தான் நமக்குப் பாதுகாவலர். அவருடைய புண்ணியத்தை நாம் அனுசரிக்க வேண்டும். பொறுமை வந்தால் பொறுமையாக இருக்க வேண்டும், மௌனம் வந்தால் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு ஜூனில் கீழ்ப்படிதல், ஜூலையில் கீழ்ப்படிதல், ஆகஸ்டில் வேறொரு புனிதரின் கீழ்ப்படிதல். நான் டப்பாவைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

செப்டம்பர் கடைசியில் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் லிஸ்மினிடம் எனக்குத் தெரிந்த மலையாளத்தில் கேட்டேன். "சிஸ்டர், புனிதர்கள்ல ராஜா இருக்காங்க, ராணி இருக்காங்க, பாப்பரசர் இருக்காங்க. ஆடு மேய்ச்சவங்க, செருப்புத் தைச்சவங்ககூட இருக்காங்க. கொழுந்து பறிச்சவங்க ஏன் ஒருத்தர்கூட இல்ல?"

சிஸ்டர், "இருப்பாங்க மோளே. நமக்குத் தெரியாது" என்றார்.

"தெரியாதவங்களை எப்படி சிஸ்டர் கும்பிடுறது?"

"நீ இரி" என்றார். மலையாளத்தில் இரி என்றால் உட்கார். வார்டன் என்றால் சும்மாவா, வார்த்தை ஒவ்வொன்றும் ஒரு டன். உட்கார்ந்துவிட்டேன். ஆனால் கேள்வி உட்காரவில்லை, அத்தை. இத்தனை மலை, இத்தனை மழை, இத்தனை அட்டைக்கடி. இதில் ஒரு ஆள்கூடவா தேறியிருக்க மாட்டார்கள்? யார் தேறுவார்கள் என்று வரிசையாக நினைத்துப் பார்த்தேன். சத்தியமாக, வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஐ.டி. வகுப்பில் எல்லோரும் பட்டியல் போட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது நான் மலையாளத்தில் நாலு வரி டைப் அடித்தேன். 'விசுத்த செபமாலையம்மாள், கன்னியர், மலைத் தொழிலாளி. திருநாள்: அக்டோபர் 26. புண்ணியம்: கேள்வி கேட்டல். ஜெபம்: தராசின் முன் நின்றவளே, எங்களுக்கும் வாய் தாரும்.' விசுத்த என்றால் மலையாளத்தில் புனித. அக்டோபர் 26 உங்கள் பிறந்தநாள், வேறு தேதி போட்டால் எனக்கு மறந்துவிடும். பிரிண்ட் எடுத்து, கத்தரித்து, கையால் கசக்கி, தேயிலைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிப் பழசாக்கி, எண்ணிக்கை பிசகாமல் ஒரு சீட்டை எடுத்துவிட்டு டப்பாவில் போட்டேன். ஐந்தாம் வகுப்புப் பொடிசுகளில் யாராவது எடுக்கும், ஒரு மாதம் எல்லோரையும் கேள்வி கேட்டுத் தொல்லை பண்ணும், நான் தள்ளி நின்று வேடிக்கை பார்க்கலாம் என்பதுதான் திட்டம்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். பிள்ளைகள் எல்லோரும் எடுத்த பிறகு டப்பாவின் அடியில் மிஞ்சும் கடைசிச் சீட்டு வார்டனுடையது.

சிஸ்டர் அதைப் பிரித்து, வாசித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி வாசித்தார். "இது ஆரா?" என்றார். யார் இது என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் என்னைக் கேட்கவில்லை. லைப்ரரியில் இரண்டு தடிப் புத்தகத்தில் தேடினார், இல்லை. போனில் தேடினார், தூத்துக்குடியில் அதே பெயரில் ஒரு கருவாட்டுக் கடை வந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத அளவுக்குத் தாழ்ச்சி உள்ள புனிதராக இருக்க வேண்டும் என்று சிஸ்டரே முடிவு பண்ணிக்கொண்டார். அன்றைக்கே எழுந்து ஒப்புக்கொண்டிருக்கலாம். எழுந்தேன், அத்தை. பாதி எழுந்ததும் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

சிஸ்டருக்கு ஒரு குணம் உண்டு. சீட்டில் என்ன வந்ததோ அதை அட்சரம் பிசகாமல் அனுசரிப்பார். செப்டம்பரில் மௌனம் வந்து, வகுப்பு நேரம் தவிர முப்பது நாளும் எங்களைச் சைகையாலேயே திட்டினார். இப்போது கேள்வி கேட்டல் வந்துவிட்டது. இரண்டாம் தேதி காலையிலேயே தொடங்கினார். சமையல்கார கமலாத்தாள் அக்காவிடம் போய், "சாம்பாரில் பருப்பு எவிடே?" என்று கேட்டார். அக்கா திகைத்து, "இருக்கு சிஸ்டர், அடியில இருக்கும்" என்றார். "எந்த அடியில்? எத்தனை அடியில்?" என்று சிஸ்டர் கரண்டியை வாங்கித் துழாவினார். மறுநாளிலிருந்து பருப்பு மேலே வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பங்குச் சாமியாரிடம், "அச்சா, பிரசங்கம் நாற்பது நிமிஷம் ஆனது பாவங்கள் கூடியதனாலா, குறிப்பு எழுதாமல் வந்ததனாலா?" என்று தாழ்மையாகக் கேட்டார். இன்றைக்குப் பிரசங்கம் பதினோரு நிமிஷம். கோயிலே உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

இதெல்லாம் செபமாலையம்மாளின் புதுமை, அதாவது அற்புதம், என்று போர்டிங்கில் பரவிவிட்டது. நம்ம ஜிபி இருக்கிறாளே, என் பழைய கடிதத்தில் பேரைப் பார்த்துப் பையன் என்று நினைத்துவிட்டு, படம் வரைகிற பொண்ணு என்று அப்புறம் தெரிந்துகொண்டீர்களே, அவள் புனிதருக்குப் படம் போட வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். "எப்படி இருப்பாங்கனு யாருக்காவது தெரியுமாட்டி?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் மூக்கைக் கூராக வரைந்தால் எனக்குப் பொறுக்குமா? "சப்பை மூக்குனு எங்கயோ வாசிச்சேன்" என்றேன். அதோடு விட்டேனா? முதுகில் கூடை, இடுப்பில் பிளாஸ்டிக் தாள், தலையில் துண்டு, இடது கன்னத்தில் மச்சம், முன்பல் பாதி உடைந்தது, எல்லாம் எங்கேயோ வாசித்ததாகச் சொல்லிவிட்டேன். பல் எப்படி உடைந்தது என்று கேட்டாள். கத்தரீனாள் சித்தி வீட்டுக் கல்யாணத்தில் ஆட்டெலும்பைக் கடித்து உடைந்தது என்று ஒரு புனிதரைப் பற்றிச் சொல்ல முடியுமா? கொடுங்கோலனின் சிப்பாய் உடைத்தான் என்றேன். இப்போது அந்தப் படம் சார்ட் பேப்பரில், முக்கால் ஆள் உயரத்துக்கு, ஸ்டடி ஹாலில் மாதா சிலை இருக்கிற கெபிக்கு வலது பக்கம் தொங்குகிறது. உங்கள் ரேஷன் கார்டு போட்டோவைவிட நன்றாக உங்களைப்போல் இருக்கிறது. காலையில் அதன் முன்னால் நின்று ஜெபம் சொல்லும்போது, பாவாடையை மடித்துக் கட்டிக்கொண்டு நீங்கள் என்னை முறைப்பதுபோலவே இருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். பக்தி என்று நினைக்கிறார்கள்.

புனிதர் அப்படி என்னதான் கேட்டார் என்று எல்லோரும் என்னை நச்சரித்தார்கள். எங்கேயோ வாசித்தவள் நான் ஒருத்திதானே. அதனால் உண்மையையே சொல்லிவிட்டேன். மழைக்காலத்தில் ஈரக் கொழுந்து என்று தராசில் நாலு கிலோ கழித்தார்கள், சரி, வெயில் காலத்திலும் பழக்க தோஷத்தில் கழித்தபோது நீங்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "மழைக்கு நாலு கிலோ கழிக்கியளே சார், இன்னைக்கு இந்த வெயிலுக்கு நாலு கிலோ கூட்டுவியளா?" என்று சூப்பர்வைசரைக் கேட்டீர்களே, அதை. சூப்பர்வைசரை மட்டும் கொடுங்கோலனாக மாற்றினேன். பெரிய மாற்றம் இல்லை.

இதைக் கேட்டதிலிருந்து பவ்யாதான் முதல் பக்தை. அவள் எல்லையோரத்துக் கோவிந்தாபுரத்துக்காரி, தமிழ், மலையாளம் இரண்டும் வரும். அவள் அப்பாவுக்குக் குமுளிப் பக்கம் வனத்துறையில் மாற்றல் ஆனதால் இங்கே சேர்த்திருக்கிறார்கள். பள்ளியில் யாரிடமும் 'ங்க' போடாமல் பேசத் தெரியாதவள். அவள் படத்தின் முன்னால் நின்று, "ஏனுங்க சிஸ்டர், இந்தச் சாமிக்குத் தேங்காய் ஒடைக்கலாங்களா? கணக்குல பாஸாயிட்டேனுங்க. எங்க ஊட்டுல எல்லாச் சாமிக்கும் ஒடைப்பமுங்க" என்று கேட்டாள்.

சிஸ்டர் யோசித்தார். "தேங்காய் வேண்டா மோளே. பதிலுக்கு ஒரு கேள்வி கொடுத்தால் மதி" என்றார். மதி என்றால் போதும்.

அதிலிருந்து படத்தின் கீழே ஒரு அட்டைப் பெட்டி. நேர்ச்சைக்கு மெழுகுவர்த்தி கிடையாது, கேள்வி எழுதிப் போட வேண்டும். சனிக்கிழமை சனிக்கிழமை சிஸ்டர் திறந்து எல்லோர் முன்னிலும் வாசிக்கிறார். தமிழில் எழுதிய கேள்விகளை மட்டும் பவ்யா வாசித்து மலையாளத்தில் சொல்ல வேண்டும். அத்தை, இந்தப் பிள்ளைகளுக்குள் இவ்வளவு கேள்வி இருந்தது என்று எனக்கே தெரியாது. வியாழக்கிழமை மட்டும் புட்டுக்கு ஏன் கடலை இல்லை? ஆண்டவர் அட்டையை எந்தக் கிழமை படைத்தார், அன்றைக்கு அவருக்கு என்ன கோபம்? அசெம்பிளியில் தமிழ் டிவிஷன் ஏன் எப்போதும் கடைசி வரிசை? அப்புறம் ஒரு நாள், ஒரே கேள்வி ஏழு கையெழுத்தில் ஏழு சீட்டில் வந்தது: பத்தாம் வகுப்புத் தமிழ் டிவிஷனுக்கு ஜூனிலிருந்து ஏன் பிசிக்ஸ் டீச்சர் இல்லை?

ஏழில் ஒன்று என்னுடையது. மற்ற ஆறையும் நான் எழுதச் சொல்லவில்லை. மாதாமேல் ஆணை.

அதுவரைக்கும் சிரித்துக்கொண்டிருந்த சிஸ்டர் அந்தச் சீட்டுகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் பள்ளி மேனேஜராக இருக்கிற சாமியார், மேனேஜர் அச்சன், வந்தபோது வராந்தாவிலேயே மறித்தார். நாங்கள் ஜன்னலுக்கு உள்ளே ஒட்டிக்கொண்டு நின்றோம். "மழை பெய்தால் எல்லா டிவிஷனுக்கும் ஒருபோல லீவு விடுகிறீர்களே அச்சா, வெயில் அடித்தால் எல்லா டிவிஷனுக்கும் ஒருபோல டீச்சரை விடுவீர்களா?" என்று கேட்டார். அத்தை, அது உங்கள் கேள்வி. வேறு சட்டை போட்டிருந்தது, அவ்வளவுதான். மேனேஜர் அச்சன் ஆகாயத்தைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், கடைசியில், "பெற்றோர் கூட்டத்தில் பதில் சொல்கிறேன்" என்றார். சிஸ்டர் உடனே, "எந்தத் தேதி?" என்று கேட்டார். கேள்வி மாதம் அல்லவா. "நீங்களே சொல்லுங்கள்" என்றார் அவர். சிஸ்டர் சொல்லிவிட்டார்: அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை, விசுத்த செபமாலையம்மாள் திருநாள். புனிதர் தோட்டத் தொழிலாளி என்பதால், தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோர், கார்டியன் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும், பூசைக்குப் பிறகு பாயசம், அதற்குப் பிறகு பதில்.

கார்டியன் என்றால் எனக்கு நீங்கள்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் ஒன்பது பக்கம் எழுதுகிறேன் என்று? சப்பை மூக்கும் மச்சமும் பாதிப் பல்லுமாக நீங்கள் ஹாலுக்குள் நுழைவீர்கள். சுவரில் நீங்கள். கீழே நீங்கள். வருகைப் பதிவில் 'செபமாலையம்மாள்' என்று கையெழுத்து வேறு. எனக்கு டி.சி. அதுகூடப் போகட்டும், நான் செய்ததற்கு நான் அனுபவிக்கிறேன். ஆனால் புனிதர் பொய் என்று ஆனால் புனிதர் பேரால் கேட்ட கேள்வியும் பொய்யாகிவிடாதா? மேனேஜர் அச்சனுக்கு அதைவிட நல்ல பதில் வேறு என்ன வேண்டும்? சிஸ்டர் நூறு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்பார். பிசிக்ஸ் டீச்சர் வரமாட்டார். மார்ச்சில் எங்கள் டிவிஷன் இருபத்திரண்டு பேரும், மின்சாரம் பாடத்தை நாங்களே வாசித்து, நாங்களே புரியாமல், போய்ப் பரீட்சை எழுதுவோம். ஒரு சீட்டைத் தேயிலைத் தண்ணீரில் முக்கியதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. நேற்று மட்டும் இறங்கியது, மீன் குழம்பு.

இன்னொன்றும் மண்டையைக் குடைகிறது. இல்லாத புனிதரிடம் கேட்கிற ஜெபம் எந்த அட்ரஸுக்குப் போகும்? ஆள் இல்லை என்று திரும்பி வருமா, இல்லை, பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்களா? உங்களுக்கு இந்த மாதம் யாராவது எதையாவது கேட்பதுபோல காதில் விழுந்ததா? கணக்கில் பவ்யா பாஸானதில் உங்களுக்குக் கை உண்டா? உண்மையைச் சொல்லவும்.

யாரிடமும் ஆலோசனை கேட்க முடியவில்லை. சிஸ்டர் லிஸ்மினும் இப்போது ஒரு மாதிரி இருக்கிறார். தமிழ்ப் பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் எங்கள் பெஞ்சிலேயே வந்து உட்காருகிறார், உளவு பார்க்கிறார் என்று நினைக்கிறேன். என்னுடைய பழைய மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை அட்டை போட மாதிரி வேண்டும் என்று ஓணத்துக்கு முன்னால் வாங்கிப் போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை. நேற்று வராந்தாவில் ஜெபமாலை உருட்டிக்கொண்டே போனபோது, "இலை, ஈட்டி, உரல்" என்று முணுமுணுத்ததுபோலக் கேட்டது. லத்தீனாக இருக்கும்.

ஆகவே என் பணிவான விண்ணப்பம். 26ஆம் தேதி நீங்கள் வராதீர்கள். உங்களுக்குப் பதிலாகக் கத்தரீனாள் சித்தியை அனுப்புங்கள், அவர்களுக்கு மூக்கு எடுப்பாக இருக்கும். உங்களுக்குக் காய்ச்சல் என்று சித்தி சொல்லட்டும். காய்ச்சல் இல்லாமல் காய்ச்சல் என்று சொல்வது பாவம் என்று நீங்கள் சொல்வீர்கள், அதனால் சனிக்கிழமை கொஞ்சம் மழையில் நனைந்து வைக்கவும். என் பிள்ளை பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்கு நான் போகாமல் எவ போவா என்று அடம்பிடித்து வரத்தான் செய்வீர்கள் என்றால், கொரோனா காலத்து மாஸ்க் அடுப்படி ஆணியில் தொங்குகிறது, அதைப் போட்டுக்கொண்டு வாங்க. மச்சமும் பல்லும் மறையும். பேர் கேட்டா கத்தரீனாள்னு சொல்லுங்க. படத்தை நிமிர்ந்து பார்க்காதீங்க, பார்த்தா நீங்க சிரிச்சிருவீங்க. பாயசம் குடிக்க மாஸ்க்கைக் கழற்றணும், அதனால பாயசம் வேண்டாம்னு சொல்லிருங்க, உங்க பங்கை நான் குடிச்சுக்கிறேன். எல்லாத்துக்கும் மேல, மேனேஜர் அச்சன் என்ன சொன்னாலும் நீங்க ஒரு கேள்விகூடக் கேக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் கஷ்டம்னு எனக்கும் தெரியும். ஒரே ஒரு நாள், அத்தை. வாயைக் கூடைக்குள்ள போட்டு மூடி வச்சிருங்க.

வேறு விசேஷம் இல்லை. ஒற்றைக்கண் சேவலைக் கிறிஸ்மஸ் வரை உயிரோடு வைத்திருக்கவும். லயத்தில் என்னைக் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் என் தோத்திரம். தங்கள் முழங்காலுக்கு மாதாவும், மாதாவுக்குச் சிரமம் என்றால் தாங்களே தங்களுக்குத் துணை இருக்க வேண்டி முடிக்கிறேன்.

தங்கள் ஆசீரை எதிர்பார்க்கும், தங்கள் புகழைப் பரப்பியதைத் தவிர வேறு குற்றம் அறியாத,
ஞானஜோதி,
பத்தாம் வகுப்பு, தமிழ் டிவிஷன்.

பின்குறிப்பு (செவ்வாய் சாயங்காலம்): அத்தை, மேலே எழுதியது அத்தனையும் ரத்து.

ஞாயிற்றுக்கிழமை கொடுத்த கடிதம் இரண்டு நாளாகத் தபாலுக்குப் போகவில்லை. இன்றைக்கு ஸ்டடி மணி அடித்ததும் சிஸ்டர் லிஸ்மின் ஒரு கையில் இந்தக் கடிதமும் மறு கையில் என் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகமுமாக என் பெஞ்சுக்கு வந்தார். வந்து, என் வாழ்நாளில் அவர் வாயிலிருந்து நான் கேட்டிராத மொழியில், "ஞானஜோதி, இங்கே வா. எனக்கு ஓர் ஐயம் உள்ளது" என்றார்.

பேனாவை மூடாமலே எழுந்து நின்றேன்.

"சிடுமூஞ்சி என்னும் சொல்லுக்கு என்ன பொருள்?"

"சாந்தமான முகம்னு அர்த்தம், சிஸ்டர்."

"அகராதியில் வேறு பொருள் உள்ளது."

சிஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்தார். "இந்தக் கடிதத்தை நான் இரண்டு நாள் வாசித்தேன். ஒன்பது பக்கம். நான் முழுமையாக வாசித்த முதல் தமிழ் நூல் இதுதான்" என்றார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சாந்தமான முகமாகத்தான் இருந்தது.

"டி.சி. குடுத்துருவீங்களா சிஸ்டர்?"

"இது என் கேள்வி மாதம். நான் கேட்பேன். பதில் அடுத்த மாதம். உன் அத்தை, வெயிலுக்கு நாலு கிலோ கூட்டுவீர்களா என்று உண்மையிலேயே கேட்டாரா?"

"கேட்டாங்க சிஸ்டர்."

"பிறகு என்ன நடந்தது?"

"அன்னையிலருந்து வெயில் நாள்ல கழிக்கிறத நிறுத்திட்டாங்க. லயம் முழுக்கத் தெரியும்."

"அப்படியானால் இந்தக் கதையில் எது பொய்?"

நான் விரல் விட்டு எண்ணினேன். "சிப்பாய் பொய். தேதி பொய். அப்புறம், பேருக்கு முன்னால போட்ட 'விசுத்த' பொய்."

சிஸ்டர் எழுந்து போய், படத்தில் பேருக்கு முன்னால் ஜிபி சிவப்பு மையில் எழுதியிருந்த அந்த 'விசுத்த'வைக் கத்தரியால் பக்குவமாக வெட்டி எடுத்தார். படத்தை மாதா பக்கத்திலிருந்து கழற்றி, பவ்யாவைப் பிடிக்கச் சொல்லி, எதிர்ச் சுவரில் எங்கள் பெஞ்சுக்கு மேலே மாட்டினார். இப்போது வெறும் செபமாலையம்மாள். கூட்டத்தின் தேதியையும் மாற்றிவிட்டார். நவம்பர் ஒன்று, சனிக்கிழமை, சகல புனிதர்கள் திருநாள். "புத்தகத்தில் பெயர் இல்லாதவர்களுக்கும் சேர்த்து வைத்த நாள் அது. அன்று யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள்" என்றார். முதல் நாளே உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர் என்று கேட்டேன். "உன் மாதப் புண்ணியம் என்ன?" என்று திருப்பிக் கேட்டார். அக்டோபரிலும் எனக்குக் கீழ்ப்படிதல்தான் வந்திருக்கிறது. கீழ்ப்படிந்தேன்.

தண்டனை உண்டு. முதலில் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம். அப்புறம் மார்ச் வரைக்கும் தினம் அரை மணி நேரம் சிஸ்டருக்கு நான் தமிழ் சொல்லித்தர வேண்டும். பாடப் புத்தகத் தமிழ் வேண்டாமாம், அத்தை பேசுகிற தமிழ் வேண்டுமாம்.

ஆகையால் அத்தை, ஒன்றாம் தேதி நீங்க வரணும். கத்தரீனாள் சித்தியை அனுப்பாதீங்க. மழையில நனையாதீங்க. மாஸ்க் வேண்டாம், சொந்தப் பேர்லயே கையெழுத்துப் போடுங்க, பாயசம் ரெண்டு டம்ளர் குடிங்க. மேனேஜர் அச்சன் முன்வரிசையில இருப்பார். சிஸ்டர் கேக்க மாட்டாங்க, நவம்பர் பிறந்துரும், அவங்களுக்குக் கேள்வி மாசம் முடிஞ்சிரும். "நான் ஒரு மாதம் இரவல் வாங்கிய கேள்வி அது. உரியவரிடம் திருப்பித் தர வேண்டும்" என்று உங்களுக்கு எழுதச் சொன்னார்கள். பிசிக்ஸ் டீச்சர் எப்போ வருவாங்கனு நீங்கதான் எழுந்து கேக்கணும்.

கேட்டு முடிச்சிட்டு ஒரு தடவை பல்லைக் காட்டிச் சிரிங்க. உடைஞ்சது இடது பல்லா வலது பல்லானு ஜிபி பார்த்துத் திருத்தணுமாம்.